துருவைத் துடைப்பதற்கு முன்

மாணவர்களே, கடந்த ஆண்டு பள்ளி விடுமுறை முடிந்து வந்த முதல் நாள். நான்காம் படிவ மாணவன் ஒருவன் பழைய நாளிதழில் சுற்றிய ஒரு பொருளை அறிவியல் கூடத்து மேசையில் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கோடரித் தலை. எண்ணெய் பூசி, பளபளவென்று இருந்தது.

"தாத்தாவோட டுரியான் தோப்புல கிடைச்சது சார். காட்டு ஓரமா. மாமாவோட மெட்டல் டிடெக்டர் கத்துச்சு. ஒரு சாண் ஆழம்தான்."

"இவ்வளவு சுத்தமா இருக்கே?"

"நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க! வினிகர்ல ரெண்டு நாள் ஊற வச்சேன். துரு எல்லாம் போயிடுச்சு."

அமிலம் துருவைக் கரைக்கும் என்று வகுப்பில் செய்து காட்டியவன் நான்தான். பாராட்டிவிட்டு, காம்பு நுழையும் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். "இதுக்குள்ள ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"கறுப்பா மரத்தூள் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு சார். ஸ்க்ரூ டிரைவரால சுரண்டிப் போட்டுட்டேன்."

அந்தக் கறுப்புத் தூளைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அதற்கு முன், அந்தக் கருவி ஏன் கத்தியது என்று பார்ப்போம்.

கருவிக்கு எப்படித் தெரிகிறது?

கருவியின் அடியில் தட்டுப் போன்ற பகுதிக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. பெரும்பாலான கருவிகளில் அது நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும். அதனால் மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பரவுகிறது.

அந்தப் புலத்தில் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால், அதற்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை தங்களுக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. இரண்டாவது சுருள் அதை உணர்ந்து ஓசை எழுப்புகிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இது.

இந்த முறைக்கு வயது ஏறத்தாழ நூற்றைம்பது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இப்படியொரு கருவியைக் கொண்டு வந்தார். தேடல் பலிக்கவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த உலோகச் சுருள்கள் குழப்பம் செய்தன என்று சொல்வார்கள்.

நம் நாட்டு மண்ணும் அந்த மெத்தையைப் போலத்தான். செம்மண்ணில் இரும்புச் சேர்மங்கள் அதிகம். பழைய ஈயச் சுரங்க மணலில் 'அமாங்' எனப்படும் கனமான கனிமங்கள் கலந்திருக்கும். அவற்றிலும் இரும்பு உண்டு. ஒன்றுமே புதைந்திராத இடத்திலும் கருவி முனகும்.

காட்டுக்குள் இரும்பு எப்படி வந்தது?

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் புக்கிட் கூடா வரை 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். ஈயம் உருக்கக் கரி வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே அங்கிருந்த செங்கல் சூளைகளால் வந்தது. அந்தச் சூளைகளுக்கும் விறகு வேண்டும். இவ்வளவும் சுற்றியிருந்த காடுகளிலிருந்தே வந்தன.

பலகை போல விரிந்த வேர்களைக் கொண்ட பெருமரங்களை அடியில் வெட்ட முடியாது. ஆள் உயரத்துக்கும் மேலே பரண் கட்டி, அதன்மேல் நின்று வெட்டுவார்கள். மலாய்க்காரர்களின் 'பெலியோங்' கோடரியில் அலகைப் பிரம்பால் காம்போடு கட்டியிருப்பார்கள். ஐரோப்பியக் கோடரியில் காம்பு நுழையத் துளை இருக்கும். நம் மாணவனின் கோடரி இரண்டாவது வகை.

இதைவிட மிகப் பழைய இரும்பும் இங்கே உண்டு. கிள்ளான், பேராக், பகாங் பகுதிகளில் விநோத வடிவம் கொண்ட பழங்கால இரும்புக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை 'துலாங் மாவாஸ்' என்பார்கள். மாவாஸ் என்பது முன்கை இரும்பாலான காட்டுக் குரங்கு என்றும், இவை அதன் எலும்புகள் என்றும் மக்கள் நம்பியதால் வந்த பெயர் இது. சில கோடரி வடிவில் இருக்கின்றன. பல தற்செயலாக அகப்பட்டவை. பக்கத்தில் என்ன இருந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால் அவற்றின் காலத்தைக் கணிப்பது இன்றும் கடினம்.

கருவிக்குக் கேட்காதவை

இதற்கு நேர்மாறான ஒரு கதை பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங்கில் நடந்தது. 1964-இல் அங்கே இரண்டு வெண்கல முரசுகள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஒரு படகுப் பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தன. ஆய்வாளர்கள் பொறுமையாகத் தோண்டியதால் பலகையும் பதிவானது. ஈரக் களிமண்ணுக்குள் காற்று புகாததால் மரம் மக்காமல் இருந்தது.

அந்தப் பலகை ஏன் முக்கியம்? வெண்கலத்தில் அது வார்க்கப்பட்ட ஆண்டைச் சொல்லும் கடிகாரம் இல்லை. மரத்தில் உண்டு. உயிரோடு இருக்கும்போது மரம் காற்றிலிருந்து கார்பன்-14 அணுக்களையும் எடுத்துக்கொள்கிறது. வெட்டியபின் அந்த வரவு நின்றுவிடும். இருப்பதில் பாதி, 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும். மீதியை அளந்தால் காலம் தெரியும். முரசுகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையானவை என்று சொல்ல இத்தகைய பொருள்களே உதவுகின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். மெட்டல் டிடெக்டருக்கு முரசு கேட்டிருக்கும். பலகை கேட்டிருக்காது. மரம், மணி, பானை ஓடு, கரித்துண்டு எதுவும் அதற்குக் கேட்காது. ஓசை வந்த இடத்தில் அவசரமாக மண்வெட்டியைப் போட்டால், முரசு கையில் இருக்கும். பலகை துண்டு துண்டாகியிருக்கும்.

துருவுக்குள் ஒரு மரம்

நம் கோடரிக்கு வருவோம். நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பொருளுக்குக் கார்பன்-14 துல்லியமான விடை தராது. ஆனால் துளைக்குள் இருந்த கறுப்புத் தூள் வேறொன்றைச் சொல்லியிருக்கும்.

இரும்பு துருப்பிடிக்கும்போது இரும்பு அயனிகள் பக்கத்தில் இருக்கும் மரத்துக்குள் ஊடுருவுகின்றன. மரம் மெல்ல மக்க, அதன் உயிரணுக்களின் வடிவத்தைத் துரு அப்படியே அச்செடுத்துக் கொள்கிறது. மரம் போன பிறகும் அந்த அச்சு நிற்கும். அதை நுண்ணோக்கியில் பார்த்து, எந்த வகை மரம் என்று நிபுணர்கள் கண்டுபிடிக்க முடியும். ஒப்பிட்டுப் பார்க்க, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் மர மாதிரிகளின் பெரிய தொகுப்பே இருக்கிறது.

காம்பு உள்ளூர்க் காட்டு மரம் என்றால், உடைந்த காம்பை வேலையாட்களே காட்டில் செதுக்கி மாட்டியிருக்கலாம். வெளிநாட்டு மரம் என்றால், கோடரி காம்போடு கப்பலில் வந்திருக்கலாம். அந்தக் கேள்விக்கான விடை வினிகரோடு சாக்கடையில் போய்விட்டது. துருவை எப்படி நீக்குவது என்று கற்றுக் கொடுத்தேன். எப்போது நீக்கக் கூடாது என்று கற்றுக் கொடுக்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கருவியை எடுக்கும் முன்

• வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேளுங்கள்.

• மரபுச் சிறப்புள்ளதாகத் தோன்றும் பொருள் கிடைத்தால் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். இது 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம்.

• கிடைத்த இடத்திலேயே, எடுப்பதற்கு முன், அளவுகோலை வைத்துப் படம் பிடியுங்கள். ஆழத்தையும் இடத்தையும் குறியுங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள்.

• உருளையாகவோ கூம்பாகவோ கனமான இரும்பு தெரிந்தால் தொடவே கூடாது. விலகி வந்து 999-ஐ அழையுங்கள். 1945-இல் கோலாலம்பூர் ரயில் பட்டறைகளைக் குறிவைத்து விமானங்கள் குண்டு வீசின. பிரிக்ஃபீல்ட்ஸ் அருகே இருந்த அருங்காட்சியகமும் அதில் சிதைந்தது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் அதே இடத்தில்தான் நிற்கிறது. வெடிக்காத குண்டு எத்தனை ஆண்டானாலும் ஆபத்தானதே.

அந்த மாணவன் மறுவாரமே தோப்புக்குப் போனான். குழியின் ஆழத்தை அளந்து, வரைபடம் வரைந்து கொண்டு வந்தான். குழியிலிருந்து நான்கு அடி தள்ளி இன்னோர் இடத்திலும் கருவி கத்தியதாம். இம்முறை அவன் தோண்டவில்லை. ஒரு குச்சியை நட்டுவிட்டு, தாத்தாவின் பெயரில் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறான்.

செய்து பாருங்கள்

பல கைப்பேசிகளில் காந்தப்புலத்தை அளக்கும் உணரி உண்டு. அதற்கான செயலி ஒன்றைப் பதிவிறக்குங்கள். கோலாலம்பூரில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. இனி, நாளிதழுக்கு அடியில் தம்பியையோ தங்கையையோ ஓர் இரும்பு ஆணி, ஓர் அலுமினிய டின், ஒரு செம்புக் கம்பித் துண்டு ஆகியவற்றை ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை மெதுவாக மேலே நகர்த்துங்கள். எது அகப்படுகிறது, எது அகப்படவில்லை? மெட்டல் டிடெக்டர் மூன்றையும் கண்டுபிடிக்கும். கைப்பேசியால் ஏன் முடியவில்லை?

ஒரு குறிப்பு: கைப்பேசி கேட்க மட்டும் செய்கிறது. மண்ணுக்குள் எதையும் அனுப்புவதில்லை.