கப்பி மீனுக்குப் பிரசவம் பார்ப்போமா?

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கப்பி மீனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கால்வாயில் பழைய துணியை விரித்து, இருவர் இருபுறம் பிடித்துத் தூக்கினால் நாலைந்தாவது சிக்கும். ‘லோங்காங் மீன்’ என்பது இதுதான். பட்டணத்து மீன் கடையில் விசிறி வாலோடு மினுக்குவதும் இதே இனந்தான். மனிதர் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் வந்த அழகு அது. சொந்த ஊர் தென்னமெரிக்காவின் வடபகுதியும் திரினிடாட் தீவும். அத்தீவிலிருந்து பிரிட்டிஷ் அரும்பொருளகத்துக்கு மீனை அனுப்பிய கப்பி என்பவரின் பெயரை 1866இல் இதற்குச் சூட்டினார்கள். கொசுப்புழுவைத் தின்பதால் பல நாடுகளில் கொண்டுபோய் விட்டார்கள்.

என் மகள் ஒரு சோடியைப் பெரிய போத்தலில் வளர்த்தாள். ஒரு நாள் இரவு இருபதுக்கு மேல் குஞ்சுகளை எண்ணிவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் மூன்றுதான் மிச்சம். பூனைமேல் பழி போட்டோம். பாவம் பூனை! தின்றது பெற்றவளேதான். கப்பி முட்டையிடாது, உயிருள்ள குஞ்சுகளையே ஈனும்; ஆனால் கண்ணெதிரே நெளிவது தன் பிள்ளை என்று அதற்குத் தெரியாது.

அந்த மூன்றையும் வேறு போத்தலுக்கு மாற்றினோம். நாலாம் நாள், தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்று நான்தான் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மாலைக்குள் மூன்றும் மிதந்தன. ஆண் மீனும் அதே வாரம் துள்ளி வெளியே விழுந்து செத்தது. மகள் அழவில்லை. “நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்கப்பா” என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி ஏது குஞ்சு என்றிருந்தேன். நாலே வாரத்தில் தாய் மீனின் வயிறு மறுபடி பருத்தது! ஒருமுறை சேர்ந்தால் ஆணின் வித்தைப் பல மாதம் உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும் இனம் இது. இம்முறை நாங்கள் முந்திக்கொண்டோம்.

வயிற்றடியில் பின்பக்கம் உள்ள கரும்புள்ளி பெரிதாகி, வயிறு சதுரித்துத் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது. அதற்குச் சில நாள் முன்பே, பாசி நிறைந்த தனிப் பாத்திரத்துக்குத் தாயை மெல்ல மாற்றுங்கள். கடைசி நேரத்தில் அலைக்கழித்தால் குறைப்பிரசவம் ஆகிவிடும். குஞ்சுகள் பாசிக்குள் ஒளிந்துகொள்ளும். ஈன்று முடிந்ததும் தாயைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுங்கள். களைக்கொல்லி அடிக்கும் இடத்துப் பாசியும் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். மருந்தடித்த கையோடு போத்தலைத் தொடவும் கூடாது.

குழாய்த் தண்ணீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். சிங்கப்பூரில் கலக்கும் குளோரமின் அப்படிப் போகாது. அதற்கு மீன் கடையில் சொட்டு மருந்து உண்டு. எதுவாயினும் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், மெதுவாக ஊற்றுங்கள்.

குஞ்சுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கரு போதும். குண்டூசித் தலையளவு எடுத்து நீரில் கரைத்து, நாளைக்கு மூன்று வேளை கொடுங்கள். மிஞ்சினால் தண்ணீர் நாறும். பசியில் செத்ததைவிட அதில் செத்த குஞ்சுகளே அதிகம் என்பேன். பெரிய மீனுக்குக் கொசுப்புழு விருந்துதான். அதற்காக வாசலில் டப்பா வைத்துக் கொசு வளர்க்காதீர்கள். மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

மூன்று, நாலு வாரத்தில் ஆண் குஞ்சின் அடித்துடுப்பு குச்சிபோல் மெலியும். அப்போதே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் வைக்க இடமிராது. இடமில்லை என்று ஆற்றில் கொட்டவும் கூடாது. அங்குள்ள மீன்களின் இரையை இவை பறிக்கும்.

இப்போது எங்கள் அஞ்சடியில் ஐந்து போத்தல்கள் வரிசையாக இருக்கின்றன. வலைத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம், துள்ளி விழாதபடி. பக்கத்து வீட்டு அக்காள் தண்ணீர்த் தொட்டியில் விட இரண்டு சோடி கேட்டிருக்கிறார். எந்த இரண்டைக் கொடுப்பது என்று மகள் இன்னும் முடிவு செய்யவில்லை.