நூலை மரமாகக் காணல்

ஒரு நூலை எழுத்துக்களின் வரிசையாகக் காண்பது ஒரு முறை. உறுப்புக்களின் அமைப்பாகக் காண்பது மற்றொரு முறை. 'படித்தனன்' என்னும் சொல்லை ஆறெழுத்துக்களாக மட்டும் கண்டவன் அதன் வடிவத்தை அறிந்தானேயன்றி அமைப்பை அறிந்தானல்லன். படி என்பது பகுதி, முதற் தகரமெய் சந்தி, அடுத்தது இடைநிலை, அன் சாரியை, ஈற்று அன் விகுதி என்று பிரித்துக் காட்டிய பின்னரே அச்சொல் அவனுக்கு விளங்குகின்றது. பகுத்துக் காணும் இம்முறை இலக்கண வகுப்புக்கு மட்டும் உரியதன்று. கணினியிற் சேமிக்கப்படும் ஆவணங்களைக் கையாளுதற்கும் இதுவே அடிப்படையாகும். அதனை எமது பழைய மாணவர்க்கும் இளையோர்க்கும் எளிய முறையில் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவணத்தின் உறுப்புக்களைப் பெயரிட்டுக் குறிக்கும் முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1969 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்னும் மூவர் இத்தகைய குறியீட்டு மொழி ஒன்றை வகுத்தனர். அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986 இற் சருவதேச நியமமாயிற்று. அது பெரிதும் விரிந்தும் சிக்கலுற்றும் கிடந்தமையால், அதனைச் சுருக்கி எக்ஸ்.எம்.எல். என்னும் மொழியை 1998 பெப்ரவரி 10 ஆம் நாள் உலக வலைக் கூட்டமைப்பு வெளியிட்டது. இம்மொழி உறுப்புக்களுக்கு இன்ன பெயர்தான் இடவேண்டும் என்று விதிப்பதில்லை. நூலை அமைப்பவர் தமக்கு வேண்டிய பெயரை இடலாம், தமிழெழுத்திலேயே இடலாம்.

எடுத்துக்காட்டாகத் திருக்குறளைக் கொள்வோம். நூல் ஒன்று, அதன்கண் பால் மூன்று, அதிகாரம் 133, அதிகாரத்துக்குப் பத்தாகக் குறள் 1330. இயற்பகுப்பு உரையாசிரியர்க்கேற்ப வேறுபடுதலின் அதனை இங்கே விடுத்தோம். இவ்வமைப்பை எக்ஸ்.எம்.எல். முறையிற் பின்வருமாறு எழுதலாம்.

<நூல் பெயர்="திருக்குறள்">
  <பால் பெயர்="அறம்">
    <அதிகாரம் எண்="1">
      <குறள் எண்="1"> … </குறள்>
    </அதிகாரம்>
  </பால்>
</நூல்>

திறக்கும் குறி ஒவ்வொன்றுக்கும் மூடும் குறி உண்டு. ஒன்றனுள் திறந்தது அதனுள்ளேயே மூடப்படல் வேண்டும். யாவற்றையும் தன்னுள் அடக்கிய உறுப்பு ஒன்றே இருத்தல் வேண்டும். இவ்விதிகள் பிழைத்தால் ஆவணத்தைப் படிக்கும் கருவி ஊகஞ் செய்யாது பிழை கூறி நின்றுவிடும். விதி பிழையாதவிடத்து ஆவணம் ஒரு மரமாக அமைகின்றது. நூல் என்பது வேர், பால்கள் அதன் கிளைகள், அதிகாரங்கள் சிறு கிளைகள், குறள்கள் இலைகள். இம்மரத்தின் உறுப்பு ஒவ்வொன்றையும் கணு என்று வழங்குவர்.

'இதற்கு மரம் எதற்கு? வேண்டிய எழுத்துத் தொடரைத் தேடி எடுத்தால் ஆகாதா?' என்று சிலர் வினவுவர். ஆகாது. ஒரு குறிக்கு எண், பெயர் என இரு பண்புகள் இருப்பின் அவற்றுள் எது முதலில் வந்தாலும் பொருள் ஒன்றே. மேற்கோட் குறி ஒற்றையாயினும் இரட்டையாயினும் பொருள் ஒன்றே. பதிப்பாளர் தமக்கென்று எழுதி வைத்த மறைகுறிப்பினுள்ளும் 'குறள்' என்னும் குறி கிடக்கலாம். எழுத்துத் தொடரைத் தேடுபவர் முன்னைய இரண்டிலும் உள்ளதைத் தவறவிடுவர். பின்னையதில் இல்லாததை உள்ளதென்று கொள்வர். மரமாகப் பகுத்த பின்னர் இம்மயக்கங்களுக்கு இடமில்லை.

பகுக்கும் வேலையைச் செய்தற்குரிய செய்நிரல் மொழிகள் பல. அவற்றுள் நெதர்லாந்து நாட்டினரான கீடோ வான் ரொசம் 1991 இல் வெளியிட்ட பைதன் எளிமையானது. எமது நாட்டில் உயர்தர வகுப்பிலும் கற்பிக்கப்படுவது. சுவீடன் நாட்டினரான ஃப்ரெட்ரிக் லுண்ட் ஆக்கிய எலிமென்ட் ட்ரீ என்னும் கருவித்தொகுதி 2006 இல் வெளிவந்த பைதன் 2.5 பதிப்பு முதல் அம்மொழியுடனேயே வழங்கப்பட்டு வருகின்றது. கோப்பின் பெயரைக் கொடுத்துப் பாஸ் என்னும் ஏவலை இட்டால் அது முழு மரத்தையும் நினைவகத்தில் நிறுத்தித் தரும்.

அம்மரத்தின் கணு ஒவ்வொன்றும் நான்கு செய்திகளைத் தாங்கி நிற்கும். முதலாவது அதன் பெயர். இரண்டாவது எண் முதலிய பண்புகள். மூன்றாவது திறக்கும் குறியை அடுத்து வரும் வாசகம். நான்காவது மூடும் குறிக்குப் பின், அடுத்த குறி வரும்வரை உள்ள வாசகம். இதனை வால் என்பர். இவற்றோடு கணுவின் சேய்கள் வரிசையாக அடங்கியிருக்கும். ஃபைன்ட்ஆல் என்னும் ஏவல் பெயரொன்றை மட்டும் கொடுத்தால் நேர்ச்சேய்களை மாத்திரமே பார்க்கும். வேரில் நின்று 'குறள்' என்று தேடினால் ஒன்றும் கிடையாது. வேரின் சேய்கள் பால்களேயன்றிக் குறள்கள் அல்ல. எவ்வளவு ஆழத்தில் இருப்பினும் காணவேண்டுமாயின் இட்டர் என்னும் ஏவலைக் கையாளல் வேண்டும். தொடக்கத்திற் கற்பார் பலர் மயங்குமிடம் இது.

இனி, மரத்தைத் திருத்தும்போது நேரும் இடர்களைப் பார்ப்போம். இவை கற்பாரால் மிகவும் கவனிக்கத்தக்கவை. ஏனெனில் இவற்றுட் சில, பிழை எதனையும் அறிவியாமலே நூலைக் குறைத்துவிடுவன.

முதலாவது, வாலினால் வருவது. ஓர் உரைப் பகுதி இவ்வாறு உள்ளதென்க.

<உரை>வான்<குறிப்பு>மழை</குறிப்பு> பெய்தது, உழவர் மகிழ்ந்தனர்.</உரை>

குறிப்புக்களை நீக்கி உரையை மட்டும் அச்சிட விரும்பும் ஒருவர், ரிமூவ் என்னும் ஏவலால் 'குறிப்பு' என்னும் கணுவை நீக்குகின்றார். எஞ்சுவது 'வான்' என்னும் ஒரு சொல்லே. 'பெய்தது, உழவர் மகிழ்ந்தனர்' என்பது எங்கே போயிற்று? அது உரையின் வாசகமாக அன்றிக் குறிப்பின் வாலாக வைக்கப்பட்டிருந்தது. கணுவை வெட்டும்போது வாலும் உடன் போயிற்று. கருவி தன் விதிப்படியே செய்தது. ஆகலின் பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. இதற்குப் பரிகாரம் எளிது. வெட்டுதற்கு முன் வாலை எடுத்து, முன்னே ஒரு சேய் இருப்பின் அதன் வாலோடும், இல்லையேல் தாய்க்கணுவின் வாசகத்தோடும் சேர்த்துவிடல் வேண்டும். ஆயின் எலிமென்ட் ட்ரீயில் ஒரு கணு தன் தாயை அறியாது. தாய் சேய் முறையைக் காட்டும் அட்டவணை ஒன்றை நாமே முதலில் ஆக்கிக்கொள்ள வேண்டும். பைதனோடு வரும் மினிடொம் என்னும் மற்றொரு கருவியில் வாசகமும் தனிக்கணுவாக நிற்பதால் இவ்விடர் இல்லை; அதனைக் கையாளுதற்கு எழுத வேண்டிய ஏவல்களோ மிகுதி.

இரண்டாவது, எண்ணிக்கொண்டே வெட்டுவதால் வருவது. ஓர் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து நீக்க முயன்றால் ஐந்துதான் நீங்கும். 2, 4, 6, 8, 10 என்பன எஞ்சி நிற்கும். முதலாவதை நீக்கியதும் இரண்டாவது முதலிடத்துக்கு வந்துவிடுகின்றது. கருவியோ இரண்டாமிடத்தைப் பார்க்கப் போகின்றது. அங்கே நிற்பது மூன்றாவது. நீக்க வேண்டியவற்றை முதலில் ஒரு பட்டியலாக எடுத்துக்கொண்டு, பின்னர் அப்பட்டியலைப் பார்த்து நீக்குவதே முறை.

மூன்றாவது, வரிசைப்படுத்தலில் வருவது. குறள்களின் வைப்பு முறை உரையாசிரியர்தோறும் வேறுபடும் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். பரிமேலழகர் முறையில் உள்ளதை மணக்குடவர் முறைக்கு மாற்ற விரும்புவார், ஒவ்வொரு குறளுக்கும் இரு எண்களைப் பண்பாகக் கொடுத்து, வேண்டிய எண்ணின்படி சேய்களை வரிசைப்படுத்தலாம். இது மரத்தினாற் பெறும் பெரும் பயன். ஆயினும் பண்பின் மதிப்பு எப்போதும் எழுத்தாகவே கொள்ளப்படும், எண்ணாகக் கொள்ளப்படாது. எழுத்து முறையில் 10 என்பது 2 இற்கு முன் நிற்கும். ஆகவே இன்ட் என்னும் ஏவலால் எண்ணாக மாற்றிய பின்னரே வரிசைப்படுத்தல் வேண்டும். தமிழெண்ணுருக்களைப் பத்தின் இடமதிப்பு முறையில் ௧௦ என்று எழுதினாலும் பைதன் அதனைப் பத்தென்று அறியும். ௰ என்னும் பழைய குறியை மட்டும் ஏற்காது பிழை கூறும்.

நான்காவது, மீள எழுதும்போது வருவது. ரைட் என்னும் ஏவலை வேறொன்றுங் கூறாது இட்டால் கருவி ஆங்கில எழுத்துக்களுக்கேயுரிய பழைய குறிமுறையைக் கொள்ளும். அப்போது 'த' என்னும் எழுத்து &#2980; என்று எழுதப்படும். மீளப் படிக்கும் கணினிக்கு இதனாற் குறைவில்லை. கோப்பைத் திறந்து பார்க்கும் மனிதர்க்கோ தமிழ் முழுவதும் இலக்கக் காடாகத் தோன்றும். யு.டி.எஃப்.-8 என்னும் குறிமுறையை வெளிப்படையாகக் கூறிவிட்டால் இது நேராது. இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. எலிமென்ட் ட்ரீ சாதாரணமாகப் படிக்கும்போது மறைகுறிப்புக்களை மரத்தில் ஏற்றுவதில்லை. 'இங்கே ஏடு சிதைந்துள்ளது' என்று பதிப்பாளர் அவ்வகைக் குறிப்பொன்றை எழுதியிருப்பாராயின், ஒருமுறை படித்து மீள எழுதிய அளவில் அது நூலிலிருந்து நீங்கிவிடும். பைதன் 3.8 முதல் அவற்றையும் ஏற்குமாறு கருவிக்குக் கூறலாம். பேணவேண்டிய குறிப்பை மறைகுறிப்பாக எழுதாது தனி உறுப்பாகவே எழுதுதல் அதனினும் நன்று.

மரத்துக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை மறத்தலாகாது. குறளின் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். முதலடியின் நான்காஞ் சீரில் தொடங்கும் ஒரு தொடர் இரண்டாமடியின் முதற்சீரில் முடியலாம். அடியையும் தொடரையும் ஒருங்கே குறிக்கப் புகுந்தால் ஒன்று மற்றொன்றை ஊடறுத்துச் செல்லும், எக்ஸ்.எம்.எல். அதனை ஏற்காது. யாப்பு ஒரு மரம், வாக்கியம் மற்றொரு மரம். ஒரே ஆவணத்தில் இரண்டும் நிமிர்ந்து நிற்க இயலாது. ஒன்றை மரமாக அமைத்து, சீர்தோறும் எண்ணிட்டு, மற்றொன்றை 'நான்காஞ் சீர் முதல் ஐந்தாஞ் சீர் வரை' என்று சுட்டுதலே பொருந்தும் வழி.

இவ்வளவும் கூறியது கருவியைக் குறைகூறுதற்கன்று. கருவி மரத்தைக் காக்கும். நூலைக் காப்பது மனிதர் கடமை என்பதை வற்புறுத்துதற்கேயாம். தீயினால் நூல்கள் அழிந்தால் ஊரெல்லாம் அறியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். ஒரு செய்நிரலின் ஓட்டத்தில் உரைவாக்கியங்கள் உதிர்ந்து போனால் அதனை அறிவிப்பார் எவருமிலர். ஆகையால் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தலை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பால் மூன்றா, அதிகாரம் 133 ஆ, குறள் 1330 ஆ, சீர்தோறும் குறியிட்டிருப்பின் சீர் 9310 ஆ என்று எண்ணுதல் வேண்டும். உரைப்பகுதிக்கு இவ்வாறு வரையறுத்த எண் இல்லை. அங்கே இட்டர்டெக்ஸ்ட் என்னும் ஏவலால் வாசகம் முழுவதையும் திரட்டி, நீக்கிய குறிப்புக்களின் எழுத்தளவு மட்டுமே குறைந்துள்ளதா என்று ஒப்பிடுதல் வேண்டும். இதற்குச் சில வரிகளே போதும்.

ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதிய எம் முன்னோர், எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே ஏட்டைக் கட்டி வைத்தனர். எழுதுகருவி மாறினும் அவ்வொழுக்கம் மாறவேண்டுவதில்லை. கணினித் துறையிற் புகும் எமது கல்லூரி மாணவர் பழந்தமிழ் நூல்களைக் கையேற்கும் நாளில், பகுக்கும் திறனோடு ஒப்புநோக்கும் பொறுமையையும் உடையராதல் வேண்டும் என்பது எமது அவா.