வின்கா ஆல்கலாய்டுகள்

வின்கா ஆல்கலாய்டுகள் என்பவை நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும், புற்றுநோய் மருத்துவத்தில் பயன்படும் வேதிப்பொருட்கள் ஆகும். இவற்றுள் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய இரண்டும் முதன்மையானவை. இவை உயிரணு இரண்டாகப் பிரிவதை இடைநிறுத்தி, அந்த உயிரணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுசெல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன. இவற்றுக்கு மூலப்பொருளான செடி, தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் உள்ளிட்ட தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் பணப்பயிராகப் பயிரிடப்படுகிறது.

செடியும் பெயர்களும்

நித்தியகல்யாணியின் தாவரவியல் பெயர் கேதராந்தஸ் ரோசியஸ் என்பதாகும். முன்னர் இது வின்கா ரோசியா என்று அழைக்கப்பட்டது. மருந்துகளின் பெயரில் உள்ள "வின்கா" அப்பழைய பெயரின் எச்சமே. இதன் தாயகம் மடகாசுகர் தீவு. ஆண்டு முழுவதும் பூப்பதால் நித்தியகல்யாணி என்ற பெயர் ஏற்பட்டது. நீர் விடாமலே இடுகாடுகளிலும் தரிசுகளிலும் வளர்வதால் சுடுகாட்டு மல்லி, சுடுகாட்டுப்பூ என்றும், பட்டிப்பூ என்றும் வழங்கப்படுகிறது.

இச்செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. வேரில் உள்ள அஜ்மலிசின் குருதியோட்டம் தொடர்பான மருந்துகளில் பயன்படுகிறது. வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இலையில் மிகச் சிறிய அளவில் காணப்படுகின்றன.

கண்டுபிடிப்பு

மேற்கிந்தியத் தீவுகளில் இச்செடியின் இலைக் கசாயம் நீரிழிவுக்கு நாட்டு மருந்தாகக் குடிக்கப்பட்டு வந்தது. 1952ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் என்னும் மருத்துவ ஆய்வாளர் அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். குருதியில் சர்க்கரையின் அளவு குறையவில்லை. ஆனால் சாறு ஊசி வழியே செலுத்தப்பட்ட எலிகள் நோய்த்தொற்று கண்டு இறந்தன. ஆராய்ந்தபோது அவற்றின் வெள்ளையணுக்கள் பெரிதும் குறைந்திருந்ததும், எலும்பு மச்சை பாதிக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தன.

வெள்ளையணுக்களை அழிக்கும் ஒரு பொருள், வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகலாம் என்ற எண்ணம் இதிலிருந்து தோன்றியது. 1954இல் இக்குழுவில் சேர்ந்த உயிர்வேதியியலாளர் சார்லஸ் பீர், சாற்றிலிருந்து அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். 1958இல் வெளியிடப்பட்ட அப்பொருளே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் சுவோபோடாவும் உடன் பணியாற்றியோரும் இதே செடியைத் தனியே ஆராய்ந்து வந்தனர். வின்கிரிஸ்டின் அவர்கள் ஆய்விலிருந்து கிடைத்தது. இது 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

இரண்டு மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிது. ஒரே நைட்ரசன் அணுவின்மீது வின்பிளாஸ்டினில் மெத்தில் தொகுதியும், வின்கிரிஸ்டினில் பார்மைல் தொகுதியும் உள்ளன. எனினும் முன்னதன் முதன்மையான பக்கவிளைவு எலும்பு மச்சை பாதிப்பு. பின்னதன் பக்கவிளைவு நரம்பு பாதிப்பு.

உயிரணு இறக்கும் விதம்

உயிரணு பிரியும்போது அதன் குரோமோசோம்கள் இரு பங்காக இழுக்கப்பட வேண்டும். இழுக்கும் கயிறுகளாக இருப்பவை நுண்குழல்கள். இவை டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் உருவாகி, தேவை முடிந்ததும் கலைகின்றன. வின்கா ஆல்கலாய்டுகள் டியூபுலினுடன் பிணைந்து இந்த அடுக்கத்தைக் குலைக்கின்றன. குரோமோசோம்கள் இழுப்பாரின்றி நடுவிலேயே நிற்கின்றன.

எல்லாக் குரோமோசோம்களும் கயிற்றில் சரியாகப் பூட்டப்பட்டனவா என்று பார்க்கும் கண்காணிப்பு ஏற்பாடு ஒன்று உயிரணுவுக்குள் உண்டு. பூட்டப்படாத குரோமோசோம் ஒன்று இருந்தாலும் அது "நில்" என்னும் சைகையை விடுக்கும். மருந்தின் முன்னிலையில் இச்சைகை ஓய்வதில்லை. பிரிவு பல மணி நேரம் தடைபட்டு நிற்கிறது.

இத்தேக்க நிலையில் இறப்புக்கான சைகைகள் வலுப்பெறுகின்றன. உயிரணுவைக் காத்து நிற்கும் எம்சிஎல்-1 என்னும் புரதம் சிறிது சிறிதாகச் சிதைக்கப்படுகிறது. காப்பு குறைந்ததும் மைட்டோகாண்டிரியாவின் வெளிச்சவ்வில் துளைகள் ஏற்பட்டு, சைட்டோகுரோம் சி என்னும் புரதம் வெளியேறுகிறது. அது காஸ்பேஸ்கள் எனப்படும் நொதிகளை ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்டுகிறது. காஸ்பேஸ்கள் உயிரணுவின் புரதங்களை வெட்டி, அதைச் சிறு பொட்டலங்களாகச் சிதறச் செய்கின்றன. பக்கத்திலுள்ள உயிரணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன.

இவ்வாறு ஒழுங்காக நிகழும் இறப்புக்கு 1972இல் கெர், வைலி, கர்ரி ஆகியோர் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

தேக்கமுற்ற எல்லா உயிரணுக்களும் இறப்பதில்லை. காப்புப் புரதம் தீர்வதற்கு முன்பே "நில்" சைகையின் பிடி தளர்ந்தால், உயிரணு பிரியாமலேயே பழைய நிலைக்கு நழுவித் தப்பிவிடும். ஒரே மருந்து சிலரிடம் நன்கு பயனளித்து, சிலரிடம் பயனளிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். பி-கிளைக்கோபுரதம் என்னும் சவ்வுப் புரதம் மருந்தை உயிரணுவுக்கு வெளியே இறைத்துவிடுவது மற்றொரு காரணம்.

மருத்துவப் பயன்

வின்கிரிஸ்டின் குழந்தைகளின் கடும் நிணநீரணு இரத்தப் புற்றுநோய்க்கான கூட்டு மருத்துவத்தில் இன்றியமையாதது. 1960களின் தொடக்கத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளுள் மிகச் சிலரே பிழைத்தனர். இன்று வளர்ந்த நாடுகளில் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்வோர் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர். இம்மாற்றம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததால் விளைந்தது. அவற்றுள் வின்கிரிஸ்டினும் ஒன்று. வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் விதைப்பைப் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது.

நரம்பிழைகளின் நீளத்தைத் தாங்கி நிற்பவையும் நுண்குழல்களே. ஆகவே வின்கிரிஸ்டின் பெறுவோருக்குக் கைகால் மரப்பு, மலச்சிக்கல் ஆகியவை ஏற்படுகின்றன. இதன்பொருட்டு ஒரு முறை கொடுக்கப்படும் அளவு பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேற்படாதவாறு கட்டுப்படுத்தப்படுகிறது. இம்மருந்து சிரைவழி மட்டுமே செலுத்தப்பட வேண்டும். தவறுதலாகத் தண்டுவடப் பாய்மத்தில் செலுத்தப்பட்டால் பெரும்பாலும் உயிரிழப்பு நேரும். அதனைத் தவிர்க்க, ஊசிக்குழலில் அல்லாமல் சிறு பைகளில் நீர்த்துக் கொடுக்குமாறு 2007இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

மானாவாரிப் பயிர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பிய வறண்ட நிலப்பகுதிகள். மழை பொய்த்தால் மற்றப் பயிர்கள் கருகும் இடத்திலும் நித்தியகல்யாணி தாக்குப்பிடிக்கும். இலை கசப்பும் நச்சும் உடையதாதலால் ஆடுமாடுகள் மேய்வதில்லை. நீர் தேங்கும் நிலம் மட்டும் இதற்கு ஆகாது.

விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து தூவப்படுகிறது. விதைத்த ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் இலைகள் உருவப்படுகின்றன. ஓராண்டு நிறைந்ததும் செடி அடியோடு வெட்டப்பட்டு, வேரும் தோண்டியெடுக்கப்பட்டு, தனித்தனியே உலர்த்தப்படுகிறது. மானாவாரியில் எக்டேருக்கு ஏறத்தாழ 2 டன் உலர் இலையும் முக்கால் டன் வேரும் கிடைக்கும்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர் இலையும், ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பெற ஏறத்தாழ 2000 கிலோ உலர் இலையும் தேவை என்று மதிப்பிடப்படுகிறது. இக்கணக்கின்படி ஒரு எக்டேர் மானாவாரி நிலத்தின் ஓராண்டு இலை விளைச்சல் ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கே போதும். ஆனால் அந்த ஒரு கிராம், 2 மில்லிகிராம் வீதம் 500 முறை கொடுக்கப் போதுமானது. நடைமுறையில் வின்பிளாஸ்டினை வேதிமுறையில் வின்கிரிஸ்டினாக மாற்றியும் தயாரிக்கின்றனர்.

மருந்துத் தட்டுப்பாடும் மாற்று வழிகளும்

2019இல் அமெரிக்காவில் தயாரிப்பாளர் ஒருவர் விலகியதையடுத்து வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, குழந்தைகளின் மருத்துவம் பாதிக்கப்பட்டது. செடி இவ்வாற்கலாய்டுகளை உருவாக்கும் வேதிப்படிகளில் அதுவரை அறியப்படாதிருந்தவை 2018இல் கண்டறியப்பட்டன. 2022இல் டென்மார்க்கை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று, மரபணு மாற்றிய ஈசுட்டில் வின்டோலின், கேதராந்தின் ஆகிய முன்பொருட்களை உருவாக்கி, அவற்றை வேதிமுறையில் இணைத்து வின்பிளாஸ்டின் பெற்றது. இம்முறை தொழிற்சாலை அளவை எட்டினால், இலைக்கான தேவை குறையக்கூடும்.

எச்சரிக்கை

செடியில் புற்றுநோய் மருந்து உள்ளது என்பதால் அதன் இலையையோ கசாயத்தையோ உண்பது புற்றுநோய்க்கு மருந்தாகாது. இலையில் மருந்தின் அளவு மிகக் குறைவு; வாய்வழி உட்கொண்டால் அது சீராக உடலில் சேர்வதுமில்லை. மற்ற ஆல்கலாய்டுகளோ நச்சுத்தன்மை உடையவை. பிரித்தெடுத்து, தூய்மைப்படுத்தி, அளந்து, மருத்துவர் மேற்பார்வையில் சிரைவழி செலுத்தும்போதே இவை மருந்தாகின்றன.