கற்பனை உலகின் பழமொழிகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்த ஊர் நல்லேப்பிள்ளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் இப்பகுதியில் உள்ளது. அதன் அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே கிழக்கு நோக்கி விரைந்து வீசும். ஆதலால், ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதன் பொருளை இங்கு வாழ்வோருக்கு விளக்க வேண்டியதில்லை. காற்று வீசாத நாட்டில் இப்பழமொழி பிறந்திராது.

இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. ‘புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது’ என்பது தமிழ்ப் பழமொழி. ‘கதி கெட்டால் புலி புல்லும் தின்னும்’ என்பது மலையாளப் பழமொழி. புலி ஒன்றே, கருத்துகள் இரண்டு. முன்னது மானத்தைப் போற்றுகிறது. பின்னது, துன்பம் வலியவரையும் பணிய வைக்கும் என்பதை உணர்த்துகிறது. ஆகவே, பழமொழியில் நிலமும் உண்டு. மனிதர் மதிக்கும் பண்பும் உண்டு.

சிறுவர் கதைகளில் வரும் கற்பனை உலகங்களுக்கும் இது பொருந்தும். டோல்கீன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1937ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி ஹாபிட்’ கதையில், பில்போ என்பவன் நெருப்பு உமிழும் பறவைநாகத்தைக் கேலி செய்து சுடுபடுகிறான். உயிருள்ள பறவைநாகத்தை எள்ளி நகையாடலாகாது என்று அவன் தனக்குத்தானே கூறிக்கொண்டது, பின்னர்ப் பழமொழியாயிற்று என்கிறது அக்கதை. பட்டறிவே அங்குப் பழமொழியாகிறது.

ஒரு பேராமையின் முதுகில் அமைந்த ஊரைக் கற்பனை செய்வோம். நம் நாட்டு உழவர், ‘அகல உழுவதிலும் ஆழ உழு’ என்பர். ஆமை ஊரில் இவ்வறிவுரை பேரழிவைத் தரும். அங்குள்ளோர், ‘ஆழ உழுதால் ஆமை விழிக்கும்’ என்றே கூறுவர். தாங்கி நிற்பதை வருத்தினால் தமக்கே கேடு என்பது அதன் பொருள். ‘பிறரை வருத்தாதே’ என்பது வெறும் அறிவுரை. அதனைக் காட்சியாக்கி, சில சொற்களில் சுருக்கி, எதுகை மோனையுடன் அமைக்கும்போது அது நாவில் நிலைபெறும். முதுமொழிக்குச் சுருக்கமும் நுட்பமும் வேண்டும் என்று தொல்காப்பியமும் கூறுகிறது.

அம்மியையும் ஏரையும் கண்டறியாது, வேற்று நிலத்தில் வளரும் சிறுவர்க்குத் தமிழ்ப் பழமொழிகளே ஒரு கற்பனை உலகின் மொழியாகத் தோன்றலாம். ‘இஃது எந்த நிலத்தில், எந்தத் தொழிலில் பிறந்தது?’ என்று வினவினால் அவ்வுலகின் கதவு திறக்கும். தாம் வாழும் ஊரின் காற்றையும் தொழிலையும் கூர்ந்து நோக்கினால், அங்கும் தமிழில் புதிய பழமொழி பிறக்கும்.

சொல்லும் பொருளும்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு
முதுமொழி – பழமொழி
எள்ளி நகையாடுதல் – இகழ்ந்து சிரித்தல்

பயிற்சி
1. ‘ஆழ உழு’ என்னும் அறிவுரை ஆமை ஊருக்கு ஏன் பொருந்தாது?
2. புலியைப் பற்றிய இரு பழமொழிகளுள் உமக்கு ஏற்புடையது எது? காரணம் கூறுக.
3. மழையே பெய்யாத ஓர் உலகைக் கற்பனை செய்க. அங்கு வாழ்வோர் கூறும் பழமொழி ஒன்றை ஐந்து சொற்களுக்கு மிகாமல் எழுதி, அதன் பொருளை விளக்குக.