சீமாட்டி சாப்பிட்ட முலாம்பழம்

சீன தேசத்தில் ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா என்று ஒரு நகரம். 1972-ம் ஆண்டு, அதன் ஓரத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு பெரிய மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே, ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சவப் பெட்டிகள். கடைசிப் பெட்டியில், இருபது அடுக்குத் துணியில் சுற்றப்பட்டு ஓர் அம்மாள் படுத்திருந்தாள். காலமாகி இரண்டாயிரத்து நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் தோல் மிருதுவாக இருந்தது. கை கால்கள் மடங்கின!

அம்மாளின் பெயர் ஷின் ஜுயி. புருஷன் சாங்ஷா ராஜ்யத்தின் பிரதம மந்திரி. செல்வத்துக்குக் குறைவில்லை. வைத்தியர்கள் உடலைப் பரிசோதித்தார்கள். வயது சுமார் ஐம்பது, நல்ல பருமன். இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் நாளத்தில் கொழுப்புப் படிந்து, வழி மிகவும் குறுகிப் போயிருந்தது. பித்த நாளத்தில் கல். உணவுக் குழாயிலும் வயிற்றிலும் குடலிலுமாக 138 முலாம்பழ விதைகள். பழம் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் பித்தக் கல் வலி கிளம்பி, அந்த அதிர்ச்சியில் இருதயம் நின்றிருக்க வேண்டும் என்பது அவர்கள் அபிப்பிராயம். பாவம், பழத்தின் மேல் குற்றமில்லை. குற்றம் அதற்கு முன் பல வருஷங்களாகச் சாப்பிட்டதில் இருந்தது.

மறு உலகத்துக்கென்று கூடவே வைத்து அனுப்பிய ஆகாரத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். மாடு, பன்றி, ஆடு, மான், முயல், வாத்து, காடை, கொக்கு, கடைசியில் சிட்டுக்குருவி வரை! மூங்கில் கூடைகளில் அடுக்கி, மூங்கில் பட்டைகளில் ஜாபிதாவும் எழுதி வைத்திருந்தார்கள்.

கதையின் மறு பாதி அடுத்த கல்லறையில் இருக்கிறது. அது அவள் மகனுடையது, கி.மு. 168-ல் மூடியது. 1973-ல் அதைத் திறந்தபோது, அரக்குப் பூசிய பெட்டி ஒன்றில் பட்டுத் துணியில் எழுதிய சுவடிகள் கிடைத்தன. அவற்றோடு ஒரு சித்திரம். நான்கு வரிசையில் 44 மனிதர்கள்: ஆண், பெண், கிழவர், வாலிபர். ஒருவர் கையை உயர்த்துகிறார், ஒருவர் குனிகிறார், ஒருவர் கரடியைப் போல் நடக்கிறார், ஒருவர் பறவையைப் போல் கழுத்தை நீட்டுகிறார். பக்கத்தில் குறிப்புகள். முழங்கால் வலிக்கு ஒன்று, காது மந்தத்துக்கு ஒன்று. இன்று ‘சீகுங்’ என்று உலகம் முழுவதும் பேசுகிறார்களே, அந்தப் பயிற்சிகளின் மூதாதை இந்தச் சித்திரம்.

தாயாரோ, தன் சவப் பெட்டி மேல் விரித்த பட்டுத் திரையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பயிற்சிப் படம் வைத்திருந்த மகனும் முப்பது சொச்சம் வயதில் அவளுக்கு முன்பே போய்விட்டான். படத்தைப் பெட்டியில் வைத்திருந்தால் மட்டும் ஆயுள் நீளுமா?

‘சீ’ என்றால் மூச்சு, பிராண சக்தி. ‘குங்’ என்றால் விடாமல் பழகி அடையும் திறன். பழைய பயிற்சிகள் பலவற்றுக்கும் பொதுப் பெயராக இது பரவியது 1950-களில்தான். அப்போது சீனத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே கற்றுக் கொடுத்தார்கள். இன்று அங்கே விடியற்காலையில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பாட்டிமார்கள் வரிசையாக நின்று செய்வதைக் காணலாம். மிகப் பிரபலமானது ‘எட்டுத் துண்டுப் பட்டு’. இரு கைகளாலும் வானத்தைத் தாங்குவது போல ஆரம்பித்து, வில்லை வளைத்துக் கழுகை எய்வது போலக் காட்டி, குதிகாலை ஏழு தடவை தூக்கி இறக்கி முடிப்பார்கள். மூன்றாவது அசைவு வயிற்றுக்கென்றே ஏற்பட்டது. எல்லாம் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மூச்சும் வாங்காது.

மூச்சு வாங்காததில்தான் ஒரு சங்கடம். அடுப்படிக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் அரிசி மாவோ பருப்போ தருவது ஏறக்குறைய 4 கலோரி; ஒரு கிராம் எண்ணெய் தருவது 9. ஒரு பெரிய கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெய், சுமார் 120 கலோரி. அறுபது கிலோ எடையுள்ள பெண் சீகுங் செய்தால் நிமிஷத்துக்குச் செலவாவது ஏறக்குறைய மூன்று கலோரி. அந்த ஒரு கரண்டியைக் கரைக்க எட்டுத் துண்டையும் மூன்று தடவைக்கு மேல் செய்ய வேண்டும்! ‘காலையில் பயிற்சி செய்தாயிற்றே’ என்று மத்தியானம் இரண்டு வடை கூடப் போட்டுக்கொண்டால், கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் சீகுங் எதற்கு? ரத்த அழுத்தம் ஓரளவு தணியும்; கால் தடுமாறாமல் நிற்க வரும்; பலருக்குத் தூக்கமும் நன்றாக வரும். வயதானவர்களுக்கு இவை சாமானிய லாபமல்ல. ஆனால் நாளத்தில் படிந்த கொழுப்பைச் சுரண்டி எடுக்கும் வேலை அதற்குத் தெரியாது. அந்தக் கொழுப்பு சமையலறை வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது.

கொழுப்பிலும் ஜாதி உண்டு. குளிரில் உறைகிற கொழுப்பு, ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும். சீன வீடுகளில் பரம்பரையாகப் புழங்கிய பன்றிக் கொழுப்பில் இந்த ரகம் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு. அடடா என்று மூக்கில் விரல் வைக்கும் முன், நம் நெய்யைப் பாருங்கள். அதில் 60-க்கு மேல்! தேங்காயெண்ணெயில் 80-ஐயும் தாண்டும். நல்லெண்ணெயில் 15-க்குள்தான். நெய்யை அடியோடு விட வேண்டாம். பருப்புச் சாதத்துக்கு ஒரு ஸ்பூன் என்பதோடு நிறுத்தினால் போதும். எல்லாவற்றிலும் மோசம், வனஸ்பதி போல இறுக வைத்த எண்ணெயில் உண்டாகும் ஒரு ரகம். இந்தியச் சட்டமே 2022 முதல் அதை நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, நாளை முதல் எண்ணெயே வேண்டாம் என்று யாரும் சபதம் செய்துவிடக் கூடாது. அந்த மகன் கல்லறையில் இன்னொரு சுவடியும் இருந்தது: தானியத்தை விட்டுவிட்டு, ஒருவகைப் பெரணி இலையையும் மூச்சையும் உண்டு வாழ்வது எப்படி என்று! இன்றும் சீகுங்கின் பெயரால் பட்டினி கிடக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பே இல்லாவிட்டால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேராது. இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டில் கொழுப்பு வந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும். எண்ணெயை ஒரேயடியாக நிறுத்திப் பட்டினி கிடந்து மளமளவென்று இளைப்பவர்களுக்குப் பித்தம் தேங்கிக் கல் உண்டாவது வைத்தியர்கள் அறிந்த சமாசாரம். சீமாட்டிக்கு வந்த கல், சாப்பிட்டும் வரும்; சாப்பிடாமலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அது அதிகம்.

நேரமும் முக்கியம். எண்ணெய்ப் பண்டம் வயிற்றை விட்டு இறங்க நாழியாகும். சாப்பிட்ட கையோடு நின்று மூச்சை இழுத்தால் மந்தமும் ஏப்பமும்தான் மிச்சம். பூங்காப் பாட்டிமார்கள் காலை ஆகாரத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது இதனால்தான். முழங்கால் வலிப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அசைவுகளைச் செய்யலாம். இருதய மருந்து சாப்பிடுகிறவர்கள் பயிற்சியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அளவு? சீன அரசாங்கத்தின் ஆகார வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சமையல் எண்ணெய் 25 முதல் 30 கிராம் என்கிறது. இதற்காக அங்கே அளவுக் கோடு போட்ட எண்ணெய்க் குடுவைகளே கடையில் விற்கின்றன. நம் வீட்டில் கண்ணளவுதான் அளவு. தாளிக்கிற அவசரத்தில் குடுவையைத் தேடவும் முடியாது. அதைவிடச் சுலபமாக ஒரு வழி உண்டு. நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கு மாதம் நாலு லிட்டரோடு முடிகிறது, நெய்யும் சேர்த்து. எண்ணெய் டின் உடைத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அது காலியாகும் தேதியையும் குறியுங்கள்.