புறக்கடைக் கோழியும் நோய்க்காப்பும்

மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரச் சிற்றூர்களில் புறக்கடைக் கோழிகள் பெண்களின் கைச்சேமிப்பாக விளங்குகின்றன. முட்டை விற்ற காசு பிள்ளைகளின் குறிப்பேடாகவும் திருவிழாச் செலவாகவும் மாறுகிறது. ஆதலால், ஒரு கோழி சுணங்கினாலும் வீட்டில் கவலை சூழ்கிறது.

நோயுற்ற கோழி கூட்டத்தை விட்டு விலகி, இறகு சிலிர்த்துக் கண்மூடி நிற்கும். அதனை உடனே தனிப் பஞ்சாரத்தில் பிரித்து வைத்தல் வேண்டும். தூய நீரும் நொய்க்கஞ்சியும் சிறிது சிறிதாக அளித்தல் நன்று. நீரை வாய்க்குள் ஊற்றினால் அது மூச்சுக்குழலுள் புகக்கூடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகவே விடவேண்டும். அம்மைக் கொப்புளங்களின்மீது மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது மரபு. இத்தகைய பராமரிப்பால் தேறும் கோழிகள் பல.

எனினும், எச்சம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து கழுத்தும் முறுக்கிக்கொண்டால், அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கண்டறியப்பட்ட இந்நோய், இந்தியாவில் இமயமலை ஊராகிய இராணிகேத்தின் பெயரால் வழங்குகிறது. நச்சுயிரியால் தோன்றும் இதனைக் குணப்படுத்த மருந்தில்லை. அன்பான பணிவிடையும் பெரும்பாலும் பயனற்றுப்போகும். எச்சம், தீவனக் கலம், மனிதரின் காலடி ஆகியவற்றாலும் இது பரவும். எனவே, இறந்த கோழியைத் தெருவில் எறியாது, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்தல் வேண்டும்.

குஞ்சுப் பருவத்தில் கண்ணிலோ மூக்கிலோ இடும் சொட்டு மருந்தும், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலடியில் போடும் ஊசியுமே இந்நோய்க்கு அரண். இவற்றை நலமாயுள்ள கோழிக்கே இடவேண்டும். ஆகவே, நோய்வாய்ப்பட்ட ஒரு கோழியைப் பேணுவதோடு, ஏனையவற்றை உரிய காலத்தில் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்வதும் வளர்ப்போரின் கடமையாகும்.