1957: மலையாள நாட்டில் ஒரு சிவப்பு ஆண்டு

1957 என்றதும் வாசகர்களே, நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகஸ்டு 31-ம் மெர்டேக்கா முழக்கமும்தான் நினைவுக்கு வரும். பினாங்குவாசிகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவ்வாண்டு ஜனவரி முதல் தேதியன்றுதான் ஜார்ஜ்டவுன் மாநகரமாயிற்று. ஆனால் அதே ஆண்டில், நம் மலையாளி அன்பர்களின் தாயகமான கேரளத்தில் நடந்ததையும் சற்றே எண்ணிப் பாருங்கள்.

இங்கே அப்போது அவசரகாலம். பாலிங் பேச்சு 1955 டிசம்பரிலேயே முறிந்துபோயிருந்தது. காட்டுக்குள் துப்பாக்கி, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. அங்கேயோ கம்யூனிஸ்டுகள் ஓட்டுப் பெட்டி வழியே கோட்டைக்குள் நுழைந்தார்கள்! மொத்தம் 126 இடங்கள்; கட்சிக்கு 60, ஆதரவுச் சுயேச்சைகள் ஐவர். ஏப்ரல் 5-ல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். உலகிலேயே இதுதான் முதல் என்று பலர் எழுதுவார்கள். அது சரியல்ல, சின்னஞ்சிறு சான் மரினோ 1945-லேயே முந்திக்கொண்டது. இந்தியாவில் முதல் என்பதே பொருந்தும்.

ஒரு வாரத்துக்குள் வந்தது அவசரச் சட்டம்: குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. வருவாய் அமைச்சர் கே.ஆர். கௌரி என்ற பெண்மணி. அவ்வாண்டே சக அமைச்சர் டி.வி. தாமஸை மணந்தார். 1964-ல் கட்சி இரண்டாகப் பிளந்தபோது கணவர் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம். 1967-ல் இருவரும் மீண்டும் ஒரே மந்திரிசபையில் அமர்ந்தார்கள், எதிரெதிர்க் கட்சியினராக! கௌரியம்மா 2021-ல், நூற்றொரு வயதில் மறைந்தார்.

அந்த ஆண்டின் பிறப்பு ஒன்று: ஜனவரி 30, திருவனந்தபுரத்தில் பிரியதர்ஷன். கம்யூனிசக் கனவு கண்ட பட்டு நெசவாளியின் கதையைப் பின்னாளில் ‘காஞ்சிவரம்’ என்று தமிழில் படமாக்கியவர் அவர்தான்.

இறப்போ நம் நெஞ்சைத் தொடுவது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் ஆகஸ்டு 30-ல், நாற்பத்தெட்டே வயதில் காலமானார். அவர் பிறந்த நாகர்கோவில், முந்தைய ஆண்டு நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது. மறுநாள் நமக்குச் சுதந்திரம்!

எல்லை பிரித்தபோது நாகர்கோவில் தமிழகத்துக்கு வந்தது. தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அங்கே மூணாறு மலையில் தேயிலை கிள்ளியவர்கள் நம்மைப் போலவே லயத்து மக்கள். தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ்தான் புதிய சட்டசபையில் முதலில் உறுதிமொழி எடுத்தவர். அந்த வெற்றியை நீதிமன்றம் செல்லாது என்றது. 1958 இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார்.

ஆட்சி 1959 ஜூலை 31-ல் கலைக்கப்பட்டது. நிலச் சீர்திருத்தம் பின்னர் முழுமை பெற்று, குடிசைவாசிகளுக்குக்கூடக் குடியிருந்த மண்ணில் உரிமை தந்தது. ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கு அதில் விலக்கு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்ற பயம் மூணாறு லயங்களில் அப்படியே நின்றது. அது எப்படிப்பட்ட பயம் என்று தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.